கோரைக்குத் தெளித்த மருந்து

கோரையை ஒழித்துவிட்டதாக யாராவது உங்களிடம் சொன்னால், எந்த மாதத்தில் சொல்கிறார் என்று பாருங்கள். சித்திரை வெயிலில் எல்லாரும் கோரையை ஒழித்திருப்பார்கள். நானே பல சித்திரைகளில் ஒழித்திருக்கிறேன். ஐப்பசியில் வந்து சொல்கிற ஆளை மட்டும் உட்கார வைத்துக் காபி கொடுங்கள்.

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு களையைப் பற்றியும், அதை விரட்டப் போய் நான் செய்த இரண்டு தப்புகளைப் பற்றியும். முதல் தப்பு தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்தே செய்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டியிருந்த ஒரு நாற்றுப்பண்ணைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். திருச்சியில் உள்ள பூங்காக்களுக்கும் ஆபீஸ் தோட்டங்களுக்கும் ரோஜா, மல்லிகை, குரோட்டன்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் போகும். எனக்கு இருபத்தாறு வயது. விவசாயப் படிப்பு முடித்திருந்தேன். களை எடுக்க ஏழெட்டுப் பெண்கள் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து பாலத்தில் நடந்து வருவார்கள். அவர்களுக்குத் தலைவி செல்லம்மா, நாற்பது வயதிருக்கும். என்னை ‘சார்’ என்பார். அந்த ஒரு சொல்லைப் பல விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியும். பெரும்பாலான விதங்கள் எனக்குச் சாதகமானவை அல்ல.

பண்ணையின் ஒரு மூலையில் கோரை இருந்தது. பாய் நெய்கிற கோரையாக இருந்திருந்தால் படுக்கவாவது உதவியிருக்கும். இது தோட்டத்தில் வருகிற குட்டைக் கோரை. மேலே பார்த்தால் வெறும் புல். கீழே ஒரு சாண் ஆழத்தில் கறுப்புக் கறுப்பாகக் கிழங்குகள், நூல் மாதிரி வேரில் மணி கோத்தாற்போல ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு கிடக்கும். புல்லைப் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து புல் மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளே நிம்மதியாக இருக்கும்.

வந்த முதல் மாதத்திலேயே அந்த மூலையை மண்வெட்டியால் நன்றாகக் கொத்திப் புரட்டச் சொன்னேன். மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. இவ்வளவு நல்ல மண் ஏன் மூலையில் கிடக்க வேண்டும் என்று எல்லாப் பாத்திகளுக்கும் கூடை கூடையாக அள்ளிப் போடச் சொன்னேன்.

செல்லம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “சார், கொத்தினா இது குட்டி போடுங்க” என்றார்.

“அறுபட்ட வேர் வெயிலில் காய்ந்துவிடும்” என்றேன். புத்தகத்தில் படித்திருந்தேன். எந்தப் புத்தகம், எந்த ஊர் வெயில் என்று யோசிக்கவில்லை.

“சரிங்க சார்” என்றார்.

இரண்டு மழை பெய்தது. ஒரு மூலையில் இருந்த கோரை எல்லாப் பாத்திகளிலும் வரிசை தப்பாமல் முளைத்தது. நான் நட்ட எதுவும் அந்தப் பண்ணையில் அவ்வளவு சீராக வந்ததில்லை. செல்லம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் கோபப்படவாவது ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

இது முதல் தப்பு. மண்ணை நகர்த்துவதற்கு முன் மண்ணுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அவரிடம் கேட்பது கௌரவக் குறைவு என்று தோன்றும். தோன்றட்டும், கேளுங்கள்.

அடுத்த ஆடி மாதம் மேலதிகாரி ஒருவர் பண்ணையைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் சூப்பிரண்டெண்ட் திருச்சி கண்டோன்மெண்டில் இருந்தார். என்னைக் கூப்பிட்டனுப்பி ஒரு தகர டின்னைக் கொடுத்தார். புதிதாக வந்திருக்கும் களைக்கொல்லி. தண்ணீரில் கலந்து தெளித்தால் களை முறுக்கிக்கொண்டு செத்துவிடும் என்றார். டின்னோடு ஒரு காகிதம் இருந்தது. காற்றடிக்கும்போது தெளிக்கக்கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

“சார், இது ஆடி மாசம்” என்றேன்.

“எனக்குக் காலண்டர் இருக்குய்யா” என்றார். “காத்து எப்ப நிக்கும்? ஆவணியில. இன்ஸ்பெக்‌ஷன் எப்ப? ஆடி கடைசியில. நீங்களே கணக்குப் பண்ணிக்குங்க.”

காவேரிப் பாலத்தில் ஆடிக் காற்றில் சைக்கிளை மிதித்துத் திரும்பி வந்தேன். சட்டை முதுகில் பாய்மரம்போல் விரிந்து நின்றது. கணக்கு அப்போதே தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் இலை அசையவில்லை. ஆடியில் அப்படி ஒரு காலை கிடைப்பது அபூர்வம். தெளிப்பானை நானே முதுகில் கட்டிக்கொண்டேன். பெண்கள் கையில் அந்த மருந்தைக் கொடுக்க மனமில்லை. முக்கால்வாசி முடித்திருப்பேன். மேற்கேயிருந்து காற்று எழுந்தது. முதலில் கழுத்தில் பட்டது. பிறகு தெளிப்பானிலிருந்து வரும் சாரல் கீழே இறங்காமல் படுக்கைவாட்டில் கிழக்கே போவதைக் கண்ணால் பார்த்தேன். கிழக்கே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நந்தவனம்.

செல்லம்மா தூரத்திலிருந்து, “சார், காத்து!” என்று கத்தினார்.

எனக்குக் கேட்டது. தெளிப்பானில் கலக்கியது இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. அதையும் தெளித்து முடித்துவிட்டுத்தான் தெளிப்பானை இறக்கினேன்.

அந்தக் கால் மணி நேரத்துக்கு இன்றுவரை என்னிடம் நல்ல காரணம் இல்லை. ஆரம்பித்த வேலை, கையில் மீதி மருந்து, நாள் நெருங்கிவிட்ட இன்ஸ்பெக்‌ஷன். அவசரத்தில் கண் பார்ப்பதைக் கை கேட்பதில்லை. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி நேரும். அன்றைக்குத் தெளிப்பானில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

நான்காம் நாள் எங்கள் ரோஜாவின் கொழுந்துகள் முறுக்கிக்கொண்டன. வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். நந்தவனத்துத் துளசி அதற்கு முன்னாலேயே நுனி சுருண்டு, தண்டு வளைந்து நின்றது. கோரை லேசாக மஞ்சளடித்திருந்தது.

சூப்பிரண்டெண்டிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். “ரோஜாவுக்குப் பூச்சி விழுந்துடுச்சுன்னு எழுதிடுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டா வாயைத் திறக்காதீங்க. கேஸு, கோர்ட்டுன்னு போனா உங்க வேலையும் போகும், எனக்கும் பதில் சொல்லி மாளாது.”

“சரி சார்” என்றேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை போன மாப்பிள்ளை என்பது ஒரு யோசனையாகவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை நந்தவனத்துச் சுவாமி வேலியருகே வந்து நின்றார். அவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். உத்திர வீதிப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் சன்னதிக்குத் தினமும் மாலையும் துளசியும் கொடுக்கிற கைங்கர்யம் அவருடைய குடும்பத்தினுடையது. துளசி என்று சொல்லமாட்டார், திருத்துழாய் என்பார். கையில் பூக்குடலை. முகம் வாடியிருந்தது.

“நீங்க விவசாயம் படிச்சவர். கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லணும்” என்றார். “திருத்துழாய் எல்லாம் இப்படி முறுக்கிண்டு போறது. எனக்குக் காரணம் தெரியும். போன வாரம் ஜுரம்னு ரெண்டு நாள் கைங்கர்யத்துக்குப் போகலை. அந்த அபசாரம்தான். இருந்தாலும் ஒரு வார்த்தை உங்களையும் கேட்டுடலாம்னு வந்தேன்.”

நான் சுருண்ட கொழுந்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பூச்சி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மூணு நாளா விரதம்” என்று அவரே தொடர்ந்தார். “சன்னதித் தீர்த்தமும் இந்தத் திருத்துழாயும்தான் ஆகாரம். வேறொண்ணும் தொடறதில்லை.”

அவர் குடலையில் அன்றைக்குப் பறித்தது இருந்தது. முறுக்காத இலையாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். அதைப் பெருமாளுக்குச் சாத்துவார்கள்; பிறகு தீர்த்தத்தோடு வருகிறவர்கள் எல்லாரும் வாயில் போட்டுக்கொள்வார்கள். முந்தின நாட்களிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இது அதுவரை என் மண்டையில் ஏறவேயில்லை. என் வேலை, என் கல்யாணம், கோர்ட்டு என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சுவாமி, அந்தக் குடலையைக் கீழே வையுங்கோ” என்றேன். “அதைக் கொண்டுபோகாதீங்க. யாரும் சாப்பிடக்கூடாது.”

“ஏன்?”

“நான்தான். கோரைக்கு மருந்து தெளிச்சேன். காத்து எழுந்தது. தெரிஞ்சும் நிறுத்தாம தெளிச்சேன். உங்க பக்கம் வந்துடுச்சு.”

அவர் குடலையைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “அப்போ பெருமாளுக்கு என்மேல கோபம் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லை சுவாமி. கோபப்படறதா இருந்தா என்மேலதான்.”

“மூணு நாள் பட்டினி கிடந்தேன்” என்றார். “உமக்காக.”

அதுவரை ‘நீங்க’ என்றவர் ‘உமக்கு’ என்றது எனக்குச் சரியாகவே பட்டது.

உடனே ஒரு குதிரை வண்டி பிடித்து, அவரையும் மருந்து டின்னையும் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் டின்னில் எழுதியிருந்ததைப் படித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார். இலையில் பட்டது கொஞ்சமாகத்தான் இருக்கும், ஒன்றும் ஆகாது, பட்டினிதான் ஆளைத் தள்ளியிருக்கிறது, வீட்டுக்குப் போய் மோர் சாதம் சாப்பிடுங்கள் என்றார். திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கும்போது சுவாமி, “சன்னதியில தீர்த்தம் வாங்கிண்டவா நிறையப் பேர் ஓய்” என்றார்.

அர்ச்சகரிடம் நானே போய்ச் சொன்னேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் யார் இருமினாலும் நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த கேள்வி, மறுநாள் காலைக்குத் துளசி. செல்லம்மாவிடம்தான் கேட்டேன். அக்கரையில் அவர் தெருவில் கிணற்றடிகளில் துளசி ஏராளமாக இருந்தது. தினமும் காலையில் சைக்கிளில் கொள்ளிடப் பாலம் தாண்டிப் போவேன். அவர் பறித்து ஈரத்துணியில் சுற்றித் தயாராக வைத்திருப்பார். முதல் நாள் கொண்டுவந்து கொடுத்தபோது, யார் வீட்டுத் துளசி, யார் பறித்தது என்று சுவாமி கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. வாங்கிக் கொள்ளிடத்துத் தண்ணீரில் அலம்பிக்கொண்டார்.

இரண்டு மூன்று மாதத்துக்கு இப்படிக் கொண்டுவந்தால் போதும், அதற்குள் புதுக் கன்று நட்டு வளர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சுவாமி ஒப்பவில்லை. “அந்த மண்ணுல ஒரு மழைக்காலம் போகணும், ஒரு கோடை போகணும். அப்புறம் பார்க்கலாம்.” மருந்து மண்ணில் அவ்வளவு நாள் நிற்காது என்று விளக்கினேன். “காத்தைப் பத்தியும் உமக்குத் தெரிஞ்சுதான் இருந்தது” என்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. கோரை அதற்குள் புதுத் தளிர்விட்டு மேடையலங்காரம் போல் நின்றது. ரோஜாக்கள் போயிருந்தன. தெளித்த இடத்தில் முழுசாகப் பிழைத்தது கோரை மட்டும்தான். நடந்ததை எழுதி வைத்திருந்த காகிதத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். சூப்பிரண்டெண்ட் ஒரு மல்லிகைச் செடியைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி படித்துவிட்டுக் கேட்டார்: “காத்து எழுந்ததும் ஏன் நிறுத்தலை?”

“மருந்து மீதி இருந்தது சார்.”

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தான் சார்.”

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்மேல் ஒரு குறிப்பு எழுதினார்கள். அது கடைசிவரை என் ஃபைலில் இருந்தது. வேலை போகவில்லை. கல்யாணமும் நடந்தது. சூப்பிரண்டெண்ட் ஒரு வருடம் என்னிடம் காகிதத்தின் வழியாகவே பேசினார்; எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

பங்குனி பிறந்ததும் செல்லம்மாவிடம் போய், “கோரையை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“இப்பத்தான் கேக்குறீங்க” என்றார். அந்த முறை ‘சார்’ இல்லை. பிறகு சொன்னார். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொட வேண்டும். கொத்தக்கூடாது, கடப்பாரையால் நெம்பிக் கட்டி கட்டியாகப் பெயர்த்து, கையால் உடைத்து, கிழங்கைச் சரம் அறாமல் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமையாக விடாமல், முதல் மழைக்குத் தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்து மூடிவிட வேண்டும். நிழலில் கோரை தலையெடுக்காது. ஏழு பெண்களும் நானும் உட்கார்ந்து கோடை முழுக்க மண்ணை உடைத்தோம். எங்கள் கோரை வேலிக்கு அடியில் புகுந்து நந்தவனத்திலும் பரவியிருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தோம்.

எடுத்த கிழங்கைக் கழுவிப் பெண்கள் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற ஒரு நல்ல வாசனை எழுந்தது. சுவாமி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார்.

“இது முத்தக்காசாச்சே! எங்காத்துல ஸ்நானப் பொடிக்கு இதைப் போட்டுத்தானே அரைக்கறா!” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இதைக் கொல்லவா ஓய் மருந்து வாங்கிண்டு வந்தீர்?”

“ஆமாம் சுவாமி.”

“எங்காத்து மாமி இதைப் பெரிய கடை வீதி நாட்டு மருந்துக் கடையிலன்னா வாங்கிண்டு வர்றா!”

செல்லம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அன்றிலிருந்து கிழங்கு வீணாகவில்லை. பெண்கள் அதை மருந்துக் கடைக்குக் கொடுத்தார்கள். மாமிக்கு ஒரு பங்கு வேலி வழியாகவே போனது. ஆனால் அடுத்த மழைக்கு ஒரு விஷயம் கவனித்தேன். ஒவ்வொரு பாத்தியிலும் நான்கு மூலைகளில் மட்டும் கோரை முளைத்திருந்தது. இயற்கை அவ்வளவு சதுரமாக யோசிக்காது.

“செல்லம்மா, மூலையில மட்டும் எப்படி விட்டுப்போச்சு?”

“எல்லாத்தையும் எடுத்துப்புட்டா, அடுத்த கோடைக்கு எங்கங்க சார் போறது?” என்றார். மறைக்கவேயில்லை.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு களைக்குப் பயன் கண்டுபிடித்த நாளிலிருந்து, அது ஒழியாமல் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. பழைய செங்கல்லை முழங்கால் ஆழத்துக்கு நிறுத்திப் புதைத்து ஒரு பாத்தி கட்டினோம். கோரை அந்தச் செங்கல்லுக்குள் இருக்கலாம், வெளியே ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று பேச்சு. பெண்கள் பேச்சுத் தவறவில்லை; வெளியே முளைத்ததை நான் சொல்லாமலே எடுத்தார்கள். பதிவேட்டில் ‘மருந்துச் செடிப் பாத்தி’ என்று எழுதினேன். உற்சாகத்தில் அதற்கு எருவும் போட்டுத் தினமும் தண்ணீரும் விட்டேன். கிழங்கு கொழுகொழுவென்று வந்தது. மருந்துக் கடைக்காரர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனையே இல்லை என்று திருப்பி அனுப்பினார். பிறகு நான் அதைக் கவனிப்பதை விட்டேன். நன்றாக வந்தது.

துளசியைச் சொல்லி முடிக்கிறேன். கோடையில் கோரை எடுத்த மண்ணில், வைகாசியில், எங்கள் பண்ணைக் கன்றுகளை நந்தவனத்தில் நட்டோம். புரட்டாசியில் அவை இடுப்பளவு வந்து கதிர்விட்டன. அக்கரையிலிருந்து நான் துளசி கொண்டுவர ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை துணிச் சுருளைக் கொடுத்துவிட்டு, “சுவாமி, இனிமே இங்கேயே பறிக்கலாம்” என்றேன்.

“மண்ணுல தோஷம் ஒண்ணும் இல்லையே?”

“இல்லை சுவாமி.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவர் செடிகளுக்கு நடுவே போய், ஓரத்துச் செடி ஒன்றிலிருந்து நாலைந்து இலை கிள்ளிக்கொண்டு வந்தார். பெருமாளுக்குப் பறிக்கும்போது சொல்கிற மந்திரத்தை முணுமுணுக்கவில்லை. நேராக வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இது பெருமாளுக்கு இல்லை, உமக்கு. சாப்பிடும்.”

வாயில் போட்டுக்கொண்டேன். காரமாக, புதுசாக இருந்தது. நான் மென்று விழுங்கும்வரை அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலிக் குடலையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் கொண்டுவந்த துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நாளைக்குக் காலம்பற வாரும்” என்றார். “உம்மைப் பார்த்துட்டுப் பறிக்கறேன்.”